உள்ளே படகு சுமக்கும் கப்பலுக்குப் பெயர் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். கிரேக்கக் கடற்படைக் கட்டுரையை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். படைகளைக் கரையிறக்கும் படகுகளை உள்ளே சுமக்கும் அமெரிக்கக் கப்பல் ஃபோர்ட் மாண்டன் 1971இல் கிரேக்கரிடம் போய் 'நாஃப்கிரதூசா' ஆனது. அதற்கு முன் அந்தப் பெயரைத் தாங்கிய கப்பலும் இதே வகைதான். பிரிட்டிஷ் கடற்படையில் அதற்கு ஈஸ்ட்வே என்று பெயர். 'தரையிறக்கக் கப்பல்' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அடுத்த பத்தியில் லெஸ்வோஸ் வருகிறது, 1974இல் சைப்ரஸில் நின்ற கப்பல். அது மூக்கை மணலில் ஏற்றி, முன்கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கும் வகை. நாஃப்கிரதூசா கரை ஏறாது, கடலில் நின்று படகுகளை அனுப்பும். இந்த வகைக்குத் தனிப்பெயர் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
சூல் என்றால் கரு. படகை உள்ளே சுமப்பதால் 'சூற்கலம்'. பெரிய கலம் கடலில் நிற்க, சிறு தோணி கரைக்குப் போவது நமக்குப் புதிதா? பழைய சேரர் துறைமுகமான முசிறியைப் பாடும் பரணர் 'கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியாற் கரைசேர்க்குந்து' என்கிறார் (புறநானூறு 343).

கப்பல் பொறியாளர்:
ஐயா, அழகான சொல். ஆனால் அது வேலையைச் சொல்லவில்லை. அடித்தொட்டிகளில் கடல்நீரை ஏற்றுவார்கள், பின்பக்கம் தாழும். பின்கதவு திறந்ததும் உள்தளத்தில் தண்ணீர் நிற்கும். படகுகள் தாமாக மிதந்து வெளியேறும். அப்புறம் நீரை இறைத்துவிட்டால் அதே தளத்தில் படகைப் பழுதுபார்க்கலாம். இந்த வகுப்பில் பெரிய படகு மூன்று கொள்ளும், படகுக்கு ஐந்து நடுத்தர டாங்கி. கப்பலுக்குள் ஒரு துறையே இருக்கிறது. 'துறைக்கப்பல்' போதும்.

தமிழாசிரியர்:
'துறைக்கப்பல்' என்றால் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பல் என்றுதான் படிப்பார்கள்.

மாணவர்:
அப்படியானால் லெஸ்வோஸ் வகைக்கு 'தரைதட்டுக் கப்பல்' வைக்கலாமா?

கப்பல் பொறியாளர்:
வேண்டாம் தம்பி. தரைதட்டியது என்றாலே விபத்துச் செய்தி. 'கரையேறு கப்பல்' என்று சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
நாஃப்கிரதூசாவின் முதற்பகுதி 'நவுஸ்', கிரேக்கத்தில் கப்பல். நம் நாவாயை வடமொழி 'நௌ'வின் வழி வந்தது என்பாரும் உண்டு. நாவுதல், அதாவது கொழித்தல், நீரைக் கொழித்து ஒதுக்கிச் செல்வதால் நாவாய் என்பதே என் துணிபு. ஆகவே 'சூல்நாவாய்' என்றாலும் பொருந்தும்.

மட்டுறுத்துநர்:
நாவாய் வேரைத் தனி இழையில் பேசுவோம். அவருக்கு வெள்ளி வரைதான் நேரம்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. நாஃப்கிரதூசாவுக்கு 'உள்துறைத் தரையிறக்கக் கப்பல்', லெஸ்வோஸுக்கு 'கரையேறு கப்பல்' என்று எழுதுகிறேன். முதலாவது நீளம்தான். ஆனால் படிப்பவருக்கு இரண்டும் வேறு என்று உடனே தெரிந்துவிடும். மூவர் தனிமடலில் ஒப்புதல் சொன்னார்கள்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நான்கு சொல் ஒட்டியது விளக்கம், பெயர் ஆகாது. கட்டுரை முழுக்க இருபது இடத்தில் இதை எப்படி எழுதுவீர்கள்? அடைப்புக்குறியிலாவது 'சூற்கலம்' வரட்டும்.