மகன் என்னோட கதைக்கிறதைக் குறைச்சிட்டான்

வெள்ளவத்தை அம்மா:
மகன் தரம் 9. போன வருசம் வரைக்கும் பள்ளிக்கூடத்தால வந்ததும் குசினி வாசல்ல நிண்டு எல்லாம் சொல்லுவான். இப்ப ரியூசன் விட்டு, மரைன் டிரைவ் கடற்கரை றோட்டில கூட்டாளிமாரோட ஒரு மணித்தியாலம் கதைச்சிட்டுத்தான் வாறான். வீட்டில "ம்" மட்டும்தான். போனை வாங்கி வைச்சு, நேரா வீட்டுக்கு வரச் சொல்லப்போறன். சரிதானே?

கொட்டாஞ்சேனை13:
சரிதான் அக்கா. 2005ல மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்னு ரெண்டு ஆய்வாளருங்க கார் ஓட்டுற கணினி விளையாட்டு ஒன்ட வச்சுப் பாத்தாங்க. 13-16 வயசுப் பிள்ளைங்க தனியா ஆடுறதவிட, கூட்டாளி பக்கத்துல இருக்கக்குள்ள கூடுதலா ஆபத்த எடுத்தாங்க. 24 தாண்டினவங்ககிட்ட அந்தளவு இல்ல. நல்ல பிள்ளைங்களும் கூட்டமா நின்டா துணிஞ்சிடும். அங்க கடல் பக்கம் போக ரயில் பாதையத் தாண்டணும். போனப் பாத்துக்கிட்டே தாண்டுறத நானே பாத்திருக்கேன்.

பழைய ரீச்சர்:
ரயில் பாதை விசயம் உண்மை, அதை இண்டைக்கே சொல்லுங்கோ பிள்ளை. போனைப் பறிக்கிறதுக்கு நான் உடன்படமாட்டன். யாழ்ப்பாணத்தால வந்து ஆறு மாசத்தில என்ர மகள் கொழும்புத் தமிழுக்கு மாறினவள். ஒருநாள் "அம்மாவோட பேசினேன்" எண்டாள். எங்கட ஊரில பேசுறதெண்டா ஏசுறது. அம்மம்மா பதறிப்போய், "ஏன் அம்மாவைப் பேசினனி?" எண்டு கேட்டா. பேச்சை எல்லாம் சிநேகிதியள்தான் மாத்தினவை. ஆனா இரவில பயந்தா என்ர பாயிலதான் வந்து படுப்பாள்.

கொட்டாஞ்சேனை13:
பேச்சு மாறினா ஆபத்து இல்ல ரீச்சர். நான் சொல்றது வேற. எங்க போறான், யாரோட போறான்னு தெரியாம எப்படிக் காப்பாத்துறது?

பழைய ரீச்சர்:
அதைத்தான் சுவீடனில 14 வயசுப் பிள்ளையளிட்டயும் பெற்றாரிட்டயும் கேட்டுப் பாத்தவை, ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள். அந்த ஆய்வு 2000இல வந்தது. பெற்றாருக்குத் தெரிஞ்சதில கூடுதலானது துருவிக் கேட்டோ கட்டுப்பாடு வைச்சோ அறிஞ்சதில்லை. பிள்ளை தானா வந்து சொன்னது. போனைப் பறிச்சா அவனுக்குக் கூட்டாளிமார் இல்லாமல் போகமாட்டினம், உங்களுக்குச் சொல்லுறதுதான் நிண்டுபோகும். குசினி வாசலைத் திரும்பத் திறவுங்கோ. வந்த உடன மாக்ஸ் கேக்காமல் தேத்தண்ணியைக் குடுத்திட்டுப் பக்கத்தில சும்மா இருங்கோ.

வெள்ளவத்தை அம்மா:
மாக்ஸ்தான் நான் முதல்ல கேக்கிறது ரீச்சர். போனை எடுக்கேல்ல. சனிக்கிழமை அந்த நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிடச் சொல்லப்போறன். வருவாங்களோ தெரியேல்ல.

கொட்டாஞ்சேனை13:
கூப்பிடுங்க அக்கா. ஆனா ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வரணும்ங்கிறத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.