எஃப்1 ரேஸ்ல ஸ்டூவர்ட்ஸ் (பந்தய நடுவர்கள்) தீர்ப்புக்காகத் தூங்காமல் கிடந்த குவாலிஃபையிங் (புறப்படும் வரிசைக்கான நேரச் சுற்று): உங்களுக்கு எது?

இறக்கை44
பிரேசில்ல இன்டர்லாகோஸ் 2021. இன்னும் ஆறல. நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி, மெர்சிடிஸ் லூயிஸ் ஹாமில்டன் 0.438 விநாடி வித்தியாசத்துல ரெட் புல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை முந்தி முதலிடம். படுக்கப் போற நேரத்துல லூயிஸ் கார் டிஆர்எஸ் (வேகத்துக்காகப் பின் இறக்கையைத் திறக்கிற அமைப்பு) மேல விசாரணைன்னு செய்தி. அப்புறம் அந்த வீடியோ, கேலரில இருந்து யாரோ ரசிகர் எடுத்தது. மேக்ஸ் தன் காரோட பின் இறக்கையைத் தொட்டுப் பார்த்துட்டு, நேரா லூயிஸ் கார்கிட்ட போய் அதுலயும் கை வைக்கிறார். பார்க் ஃபெர்மேல (ஓடி முடிச்ச கார்களைக் கட்டுப்பாட்டுல வைக்கிற இடம்) அடுத்தவன் காரைத் தொடலாமா? அந்தக் கை இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மறுநாள் தீர்ப்பு: மேக்ஸுக்கு 50,000 யூரோ அபராதம், லூயிஸ் குவாலிஃபையிங்ல இருந்தே நீக்கம். தொட்டவருக்குப் பணத்தோட போச்சு!

பாக்ஸ்பாக்ஸ்
இதை ஒத்துக்க முடியாது. ரெண்டும் வேற வேற கேஸ். டிஆர்எஸ் திறந்தா இறக்கை இடைவெளி 85 மி.மீ.க்கு மேல போகக்கூடாதுன்னு அப்போ விதி. மெர்சிடிஸ் இறக்கைல ஒரு ஓரத்துல போச்சு, அளவுக்கருவி உள்ள நுழைஞ்சிடுச்சு. மேக்ஸ் தொட்டதால இறக்கைக்குச் சேதம் வரலன்னு ஸ்டூவர்ட்ஸ் அந்த ரசிகர் வீடியோவையும் பார்த்துதான் எழுதினாங்க. மெர்சிடிஸ் வேணும்னு செஞ்சதுன்னு யாரும் சொல்லல, ஆனா அளவு தப்பினா தப்பினதுதான். லூயிஸ் ஸ்பிரிண்ட்ல (சனிக்கிழமை குட்டி ரேஸ்) கடைசில புறப்பட்டு 5-வதா முடிச்சு, இன்ஜின் பெனால்டியோட ஞாயிறு 10-வது இடத்துல புறப்பட்டு ஜெயிச்சாரே, அதைப் பேசுங்க.

கோவைக்காரன்
என்னோடது மெல்போர்ன் 2011. நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-க்கு அப்புறம் திரும்பி வந்த முதல் ரேஸ். அவர் டீம் ஹிஸ்பானியாவோட கார் பயிற்சில ஓடவே இல்லைன்னு சொல்லலாம். 107% விதியும் (க்யூ1-ங்கிற முதல் சுற்றோட வேகமான நேரத்துல 107%-க்குள்ள ஓட்டலன்னா ரேஸ்ல இடமில்ல) அந்த வருஷம்தான் திரும்ப வந்துச்சு. க்யூ1 முடிஞ்சதும் டைமிங் திரையில கீழ ரெண்டு பேர், நரேனும் அவர் டீம்மேட் லியூட்ஸியும். ரெண்டு பேருமே வரம்புக்கு வெளிய. ஸ்டூவர்ட்ஸ் விதிவிலக்கு குடுப்பாங்கன்னு நம்பிக்கிட்டே இருந்தேன். குடுக்கல. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓடுச்சு, எங்க ஊர்ப் பையன் அதுல இல்ல. அடுத்த வருஷமும் அதே மெல்போர்ன், அதே 107%. கை பட்டதா இல்லையான்னு இங்க சண்டை நடக்குது, எனக்கு அந்த ரெண்டு தடவையும் அவரை கிரிட்ல (புறப்படும் வரிசை) பார்க்கவே கிடைக்கல.

மொனாக்கோ06
புதுசா பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். குவாலிஃபையிங் முடிஞ்சவுடனே கிரிட் இதுதான்னு முடிவு கட்டாதீங்க. 2006 மொனாக்கோல ஷூமாக்கர் ராஸ்காஸ் வளைவுல காரை நிறுத்தி மஞ்சள் கொடி (வேகத்தைக் குறைக்கச் சொல்ற எச்சரிக்கை) வரவெச்சார், பின்னால வந்த அலோன்சோவோட சுத்து கெட்டுச்சு. சாயங்காலம் பூரா விசாரணை நடந்து ராத்திரிதான் ஷூமாக்கரைக் கடைசிக்குத் தள்ளினாங்க. அதனால "விசாரணையில் உள்ளது"ன்னு பார்த்தா ட்விட்டர்ல சண்டை பிடிக்காம எஃப்ஐஏ (எஃப்1-ஐ நிர்வகிக்கிற அமைப்பு) தளத்துல தீர்ப்பு ஆவணம் வர வரைக்கும் இருங்க. ஆவணத்துல முதல்ல எந்தச் சட்டப்பிரிவுன்னு பாருங்க. டெக்னிக்கல் விதின்னா காரை அளந்து முடிவு பண்ணுவாங்க, உள்நோக்கம் பெருசா எடுபடாது. ஓட்டின விதம்னா ஆன்போர்டு கேமரா, டெலிமெட்ரி (காரோட தரவுகள்) எல்லாம் பார்த்துட்டு டிரைவரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க, அதுக்கு நேரம் ஆகும். காரணம்னு எழுதியிருக்கிற பத்தியை ரெண்டு தடவை படிங்க. தண்டனையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுறவங்களை நம்பாதீங்க.