புதுப்பிப்பு: 6 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 5.71 ஏன் வந்தது?

உதவிய எல்லோருக்கும் நன்றி. விஷயம் இதுதான்: 12 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து நடுவில் அளந்தேன். இரண்டும் சம தடைகள் என்பதால் பாதி, அதாவது 6 வோல்ட் வர வேண்டும்; மல்டிமீட்டர் 5.71 காட்டியது.

முதலில் ரெசிஸ்டர்களை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. "தெவெனின் சமானச் சுற்றை வரைந்து, மீட்டரையும் ஒரு சுமையாகச் சேருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. (தெவெனின் சமானம் என்றால் சுற்றை ஒரே மின்னழுத்த மூலம், அதோடு தொடராக ஒரே தடை என்று சுருக்குவது.) தடையைக் கண்டுபிடிக்க, சப்ளையைக் (நிஜத்தில் அல்ல, கணக்கில் மட்டும்) குறுக்குச்சுற்றாக்கிப் பார்த்தால் இரண்டு தடைகளும் இணையாகிவிடும். ஆக 6 வோல்ட் மின்னழுத்த மூலம், அதோடு தொடராக 500 கிலோ ஓம் தடை. என் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 6 × 10 / 10.5 = 5.71. அச்சு அசலாக அதேதான்!

எதிர்பாராதது ஒன்று. அப்பாவின் பழைய முள் மீட்டரில் (வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம், 10 வோல்ட் வீச்சு) பார்த்தால் முள் 1.7-ஐத் தாண்டவில்லை. பழுது என்று தூக்கி வைக்கப் போனேன். அப்புறம் கணக்குப் போட்டால் அதுவும் சரி: உள்தடை வெறும் 20 × 10 = 200 கிலோ ஓம், எனவே 6 × 200 / 700 = 1.71.

இப்போது 10 கிலோ ஓம் ஜோடி போட்டிருக்கிறேன். சமானத் தடை 5 கிலோ ஓம்தான். டிஜிட்டல் மீட்டர் 6.00 காட்டுகிறது. வீணாகும் மின்னோட்டம் 6 மைக்ரோ ஆம்பியரிலிருந்து 0.6 மில்லி ஆம்பியராகிவிட்டது, பேட்டரியில் ஓட்டுபவர்கள் யோசிக்கவும்.