கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிறிய கல்லூரிக்கு வேதியியல் ஆசிரியர் தேர்வு: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி (நிர்வாகக் குழு உறுப்பினர், சித்தூர் வட்டம், பாலக்காடு):

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையை ஒட்டி, இளங்கலைப் படிப்புகள் மட்டுமே நடத்தும் ஒரு சுயநிதிக் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் வேதியியல் துறையில் ஆசிரியர் மூவர். அவர்களுள் மூத்தவரும், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகச் சாவியைத் தம் கையிலேயே வைத்திருந்தவருமான அம்மையார் வரும் மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறார்.

அந்த இடத்திற்கு வந்த விண்ணப்பங்களுள் மூன்றை எடுத்து வைத்திருக்கிறோம். முதலாமவர் கரிமச் சேர்மத் தொகுப்பில் முனைவர் பட்டம் பெற்று ஆறு கட்டுரைகள் வெளியிட்டவர். வகுப்பெடுத்த அனுபவம் இல்லை. இரண்டாமவர் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேறியவர். முனைவர் பட்டம் இல்லை, ஆனால் நான்கு ஆண்டுகள் இளங்கலை மாணவர்களுக்குப் பாடமும் செய்முறையும் நடத்தியிருக்கிறார். மூன்றாமவர் பொள்ளாச்சிக்காரர், சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வில் தேறியவர்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் கல்லூரிகளுக்கென்று உள்ள மதிப்பெண் அட்டவணையை, இளங்கலை, முதுகலைப் படிப்புகளுக்கான மதிப்பெண்களைச் சேர்க்காமல், போட்டுப் பார்த்தேன். முனைவர் பட்டத்திற்கு 25, கட்டுரைகளுக்கு அதிகபட்சமாக 6 என்று முதலாமவர் 31 பெறுகிறார். நெட்டுக்கு 8, அனுபவத்திற்கு ஆண்டுக்கு 2 வீதம் 8 என்று இரண்டாமவர் 16இல் நின்றுவிடுகிறார். எங்கள் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவர்களுக்கு யார் பொருந்துவார் என்பதை இந்த அட்டவணை சொல்லுமா? நேர்முகத் தேர்வில் வேறு எதைச் சோதிக்கலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், மார்த்தாண்டம்):

ஐயா, அந்த அட்டவணை நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று பட்டியலிட மட்டுமே. தேர்வு நேர்முகத் தேர்வில் காட்டும் திறனைக் கொண்டுதான் நடைபெற வேண்டும் என்று அதே விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அந்த 31ஐயும் 16ஐயும் குழுவின் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நான் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த காலத்தில், விண்ணப்பதாரரை அறையிலிருந்து எழுப்பி ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்ற பிறகுதான் எனக்கு எதுவும் புலப்பட்டது. ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டால் தரம் பார்க்க, அதாவது துளித்துளியாகச் சேர்த்து அளவைக் கண்டறியச் சொல்லி, பக்கத்தில் முதலாமாண்டு மாணவர் இருவரை நிறுத்துங்கள். கரைசலை ஏன் 60 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறோம், முதல் சில துளிகளின் நிறம் மெதுவாக மறைந்து பின்னால் சட்டென்று மறைவது ஏன், கந்தக அமிலத்திற்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அளவீடு ஏன் கூடிவிடுகிறது என்று அந்த மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகி வேகத்தைக் கூட்டுகிறது என்பதையும், பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து தானும் செலவாகிவிடுகிறது என்பதையும் எந்த முதுகலைப் பட்டதாரியும் சொல்லிவிடுவார்; எதிரே நிற்கும் பிள்ளையின் முகம் தெளியும்படி சொல்கிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கையையும் கவனியுங்கள். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயை வாயால் உறிஞ்சுகிறாரா, ரப்பர்க் குமிழைத் தேடுகிறாரா? அடர்நிறக் கரைசல் என்பதால் பியூரெட் என்ற அளவுக்குழாயில் கரைசல் மட்டத்தின் மேல்விளிம்பைப் படிக்கிறாரா? பிறகு மருந்து அலமாரியைத் திறந்து காட்டி, இங்கே எதை இடம் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். நைட்ரிக் அமிலத்திற்குப் பக்கத்தில், அதோடு கலக்கவே கூடாத அசிட்டோன் குப்பி இருப்பதைக் கண்டவுடன் பதறுகிறவரிடம்தான் நான் பிள்ளைகளை ஒப்படைப்பேன். ஒருமுறை இதை வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். எடுக்கப்பட்டவர் நல்ல ஆராய்ச்சியாளர்தான், ஆனால் முதல் பருவத்திலேயே ஒரு மாணவியின் கையில் அமிலம் பட்டது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பதில் 2 (கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், பாலக்காடு):

பொள்ளாச்சிக்காரரைப் பற்றி முதலில் முடிவெடுங்கள். 2002 ஜூன் 1ஆம் தேதிக்குப் பின் செட் தேறியவர்களுக்கு, தேர்வு நடத்திய மாநிலத்தில் மட்டுமே அந்தத் தகுதி செல்லும். வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்திற்குள் வந்தால் அது உதவாது. நெட்டோ, யூ.ஜி.சி. நெறிமுறைப்படி பெற்ற முனைவர் பட்டமோ அவரிடம் இருந்தால் மட்டும் அழைக்கலாம். கேரளத்திலும் செட் என்ற பெயரில் ஒரு தேர்வு உண்டு. அது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கானது, அதைக் காட்டி வருகிறவர்களும் இருப்பார்கள். முனைவர் பட்டம் கட்டாயம் என்று குழுவில் யாராவது சொன்னால், 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் போன்ற தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதியாகப் போதும் என்பதை எடுத்துக் காட்டுங்கள்.

பதில் 3 (உதவிப் பேராசிரியை, சித்தூர்):

மார்த்தாண்டம் ஐயா சொன்ன ஆய்வகச் சோதனையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் முனைவர் பட்டம் பெற்றவரை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டாம். ஐந்தாறு ஆண்டுகள் புகைப்போக்கிக் கூண்டின் முன் நின்று பழகிய கைக்கு ஒரு நிதானம் உண்டு. நானும் அப்படித்தான் வந்தேன். வகுப்பெடுக்கும் பக்குவம் இரண்டாம் பருவத்தில்தான் வாய்த்தது.

எனக்கு நேர்ந்த குறை வேறு. வாரத்திற்கு 16 மணி நேரம் என்று விதியில் இருக்க, செய்முறைக்கு முந்தின நாள் கரைசல் தயாரிப்பதும் என் தலையில்தான் விழும் என்பதை நேர்முகத் தேர்வில் எவரும் சொல்லவில்லை. 2024இல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் வந்தபின், வேதியியலை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கும் அடிப்படைப் பாடங்கள் நடத்த வேண்டியிருக்கிறது. ஆய்வக உதவியாளர் உண்டா, சம்பளம் எவ்வளவு என்பவற்றை விளம்பரத்திலேயே எழுதுங்கள். யூ.ஜி.சி. ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. உங்களால் அதைத் தர முடியாவிட்டால், தர முடிந்த தொகையை மறைக்காமல் சொல்லுங்கள்.

மொழியையும் சோதியுங்கள். தமிழ்வழிப் பிள்ளை ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படித்திருக்கும். மலையாளவழிப் பிள்ளை ஓக்ஸீகரணம், நிரோக்ஸீகரணம் என்று படித்திருக்கும். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஆங்கிலப் பாடத்திற்குள் அழைத்துச் செல்லத் தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பொள்ளாச்சி விண்ணப்பதாரரிடம் வேறு தகுதிச் சான்று உண்டா என்று இன்றே கடிதம் எழுதுகிறேன். மற்ற இருவருக்கும் அரைநாள் ஆய்வகத்தில், முதலாமாண்டு மாணவர்களை வைத்தே சோதனை நடத்த முதல்வர் ஒப்புக்கொண்டார். ஓய்வு பெறும் அம்மையாரும் உடன் இருப்பார். மருந்து அலமாரிக் கேள்வியைத் தாமே கேட்பதாகச் சொல்லிவிட்டார்.