அட்டவணைத் தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கோவை ஆசிரியை, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். முதுகலைப் பொருளியல் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பாட ஏடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு பாடம் இந்தோனேசியாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பொருளாதாரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முதல் நாட்டில் சீனர் வழிவந்தவர்கள். இரண்டாவதில் இத்தாலி, பழைய யுகோஸ்லாவியா, துருக்கி, இலங்கை என்று பல இடத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள்.

இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, ‘இமிகிரண்ட் டிசெண்டட்’. ‘குடியேறியோர் வழிவந்த சமூகத்தினர்’ என்று எழுதிப் பார்த்தேன், கட்டத்துக்குள் அடங்கவில்லை. பாடத்தில் இருபது இடத்தில் வேறு வருகிறது. இன்னொன்று, ‘எகனாமிக் அவுட்கம்’. ‘பொருளாதார விளைவு’ என்று போட்டால், குடியேற்றத்தால் நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று மாணவர்கள் படிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்பது. ‘வம்சாவளி’ மட்டும் வேண்டாம். ஏட்டை மேற்பார்வை பார்ப்பவர் வடசொல் என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிடுவார்.

சென்னை உதவியாசிரியர், திங்கள் பிற்பகல்

டீச்சர், தயங்காமல் வம்சாவளி என்றே போடுங்கள். ரிஷி சுனக் ஆனாலும் கமலா ஹாரிஸ் ஆனாலும் ‘இந்திய வம்சாவளி’ என்றுதான் செய்தி போடுகிறோம். அதற்கு என்ன பொருள் என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை. சிவப்பு மைக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஒரு நாள் வாங்கிப் பாருங்கள், அதில் எத்தனை வடசொல் என்று எண்ணலாம்.

மதுரை ஐயா, திங்கள் இரவு

தம்பி, வம்சம் என்றால் வடமொழியில் மூங்கில். கணுவுக்கு மேல் கணுவாக வளர்வதால் குலத்துக்கு ஆகிவந்தது. ஆவளி என்றால் வரிசை. ஆக, நீங்கள் இத்தனை நாளும் ரிஷி சுனக்கை ‘இந்திய மூங்கில் வரிசை’ என்று எழுதிவந்திருக்கிறீர்கள்.

வழித்தோன்றலைச் சொல்ல நம்மிடம் என்ன குறை? கொடிவழி இருக்கிறது, கால்வழி இருக்கிறது, கான்முளை இருக்கிறது. கான்முளை என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முளை விடுவது தெரியும். இன்னும் சுருங்க வேண்டும் என்றால் வள்ளுவரிடம் போகலாம். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்.’ பரிமேலழகர் அங்கே எச்சம் என்பதை மக்கள் என்றே கொள்கிறார். புதிதாக வந்தவர்க்குச் சங்கச் சொல் ‘வம்பர்’. அகநானூற்றில் ‘வம்ப மோரியர்’ வருகிறார்கள், புதிதாக வந்த மோரியர் என்று பொருள். இரண்டையும் சேர்த்தால் ‘வம்பரெச்சம்’. ஏழே எழுத்து. எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கும்.

சென்னை உதவியாசிரியர், திங்கள் இரவு

ஐயா, இன்று எச்சம் என்றால் மரத்தடியில் நிறுத்திய வண்டி மேல் காக்கை விட்டுப் போவது. ‘சுவிட்சர்லாந்தின் வம்பரெச்சம்’ என்று தலைப்பு வைத்தால் பறவையியல் பாடம் என்று நினைத்துவிடுவார்கள். வம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதை விலைக்கு வாங்குவானேன்.

கோவை ஆசிரியை, செவ்வாய் காலை

ஐயா, வம்பில் எனக்கு வேறொரு சிக்கல். ‘வம்பு நிலையின்மை’ என்று தொல்காப்பிய உரியியலே சொல்லிவிட்டது. 1740இல் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர் காலத்தில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போதே அத்தனை பேர் அந்த ஊரில் வேர்விட்டிருந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களைப் போய் நிலையில்லாதவர் என்று எப்படி எழுதுவது?

‘புலம்பெயர்ந்தோர்’ என்பதை யாரும் சொல்லவில்லையே, ஏன்? பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்’ என்று இருக்கிறது. வந்தவர்கள் கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்பதால் கேட்கவும் நன்றாக இருக்கிறது.

பேர்ன் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

அக்கா, வணக்கம். இங்கே சுவிட்சர்லாந்தில் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் எந்தப் புலமும் பெயரவில்லை. பேர்னில் பிறந்தாள், பேர்னில் படித்தாள், பேர்ன் ஜெர்மனில்தான் என்னோடு சண்டை பிடிக்கிறாள். புலம்பெயர்ந்தவன் நான். அவளுக்கும் அதே பெயரை வைத்தால் அவள் பிள்ளைக்கும் அதையே வைப்பீர்கள். அது எங்கே போய் நிற்கும்?

நிற்கும் இடம் ஒன்றை இங்குள்ள புள்ளியியல் அலுவலகம் குறித்து வைத்திருக்கிறது. அவர்கள் எண்ணுவது ‘குடிவரவுப் பின்னணி உள்ளவர்’களை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரும் பின்னால் சுவிஸ் குடியுரிமை எடுத்தவரும் அதில் சேர்த்தி. பிறப்பிலேயே சுவிஸ் குடிமகன் என்றாலும் தாய் தகப்பன் இருவரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்றால் அவரும் சேர்த்தி. ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும், ஒருவர் இங்கே பிறந்து அவருடைய தாய் தகப்பன் இருவரும் இங்கேயே பிறந்திருந்தால் அவர் கணக்கில் இல்லை. மூன்றாம் தலைமுறையோடு கதை முடிந்தது. அப்படி எண்ணியும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு வருகிறது.

‘குடியேற்றம்’ என்ற சொல்லையும் விடுங்கள். இலங்கையில் எங்களுக்கு அது கல்லோயாத் திட்டம், அரசாங்கம் ஆட்களைக் கொண்டுவந்து காணி கொடுத்து இருத்துவது. அங்கே இருப்பது ‘குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்’. உள்ளே வருவதும் வெளியே போவதும் சொல்லிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறுகிறீர்கள்.

‘அவுட்கம்’ பற்றி ஏன் இவ்வளவு யோசனை? எங்களுக்குப் பரீட்சை எழுதினால் வருவது பெறுபேறு. பொருளாதாரப் பெறுபேறு. சொல்லைப் பார்த்தாலே தெரிகிறது, பெற்றது எதுவோ அது.

கோவை ஆசிரியை, செவ்வாய் இரவு

தம்பி, பெறுபேறு என் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒருத்தி, ‘மேடம், இது மகப்பேறு விஷயமா?’ என்றாள். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

மதுரை ஐயா, செவ்வாய் இரவு

அந்தப் பெண் சொன்னதில் தவறே இல்லை. பேறு எல்லாம் ஒரே வேர்தான்.

இந்தோனேசியாவில் பிறந்து வேர்விட்ட சீனரை ‘பெரனாக்கான்’ என்பார்களாமே? நேற்று இரவு முழுக்க யோசித்தேன். பேரன் + அகம் = பேரனகம். பேரன்கள் வாழும் அகம்! தமிழ் வணிகர் கடல் கடந்து போனபோது விட்டுவந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். இனி நமக்குப் புதுச்சொல் எதற்கு? ‘பேரனகர்’ என்று திரும்ப எடுத்துக்கொள்வோம்.

பினாங்கு அக்கா, புதன் காலை

ஐயா, உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது சுத்தமான மலாய். ‘அனாக்’ என்றால் பிள்ளை. முன்னால் ‘பெர்’, பின்னால் ‘அன்’ ஒட்டு. பேரன் யாரும் அங்கே இல்லை. வேண்டுமானால் ஆறுதலுக்கு ஒன்று தருகிறேன். மூலதனத்துக்கு இந்தோனேசியச் சொல் ‘மோடல்’. அது நம் ‘முதல்’தான். அவர்கள் மூலதனச் சந்தையைச் சொல்வது ‘பசார் மோடல்’ என்று. கடை ‘கெடாய்’, கப்பல் ‘கபால்’. இவற்றை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெருமைப்படலாம்.

அந்த நாட்டில் சொல் வெறும் சொல் இல்லை, டீச்சர். டச்சுக்காரர் சட்டத்திலேயே ஐரோப்பியர், அயல் கீழைநாட்டார், உள்நாட்டார் என்று மூன்று அடுக்கு வைத்தார்கள். 1967இல் சீனரைக் குறிக்கும் ‘தியோங்ஹோவா’ என்ற மரியாதையான சொல்லை எடுத்துவிட்டுச் ‘சீனா’ என்று போடச் சுற்றறிக்கை வந்தது. சீனருக்கு எதிரான 1998 மே கலவரத்துக்குப் பின் அதிபர் ஹபிபி, மண்ணின் மைந்தர் என்ற பொருள் தரும் ‘பிரிபூமி’யையும் அதன் எதிர்ச்சொல்லையும் அரசு அலுவலில் புழங்கக் கூடாது என்று ஆணை போட்டார். தியோங்ஹோவா ஆணையாகத் திரும்பி வந்தது 2014இல். ஒரு சொல்லுக்கு இத்தனை ஆணை நம்மூரில் உண்டா?

‘வந்தேறி’ என்று யாராவது எழுத நினைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம். மலாயில் அதற்கு நேர்ச்சொல் ‘பெண்டத்தாங்’. மலேசியத் தமிழரான எங்களைப் பார்த்து அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மதுரை ஐயா, புதன் காலை

வந்தேறியை நான் முன்மொழியவில்லை. ஆனாலும் வைணவ உரைகளில் அது வசைச்சொல் அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். இயல்பாக இல்லாமல் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே அங்கே பொருள்.

பினாங்கு அக்கா, புதன் மதியம்

ஐயா, அதைத்தான் எங்களைப் பார்த்தும் சொல்கிறார்கள்.

கோவை ஆசிரியை, புதன் இரவு

இப்போது பயமாகிவிட்டது. சொல் கேட்டு வந்தேன், அட்டவணையே ஆட்டம் காண்கிறது. சுவிஸ் பத்தியில் பெற்றோர் பிறந்த இடத்தை வைத்து எண்ணிய எண். இந்தோனேசியப் பத்தியில் நீங்கள் எந்த இனம் என்று கேட்டு, அவரவர் சொன்னதை எழுதிக்கொண்ட எண். அந்தக் கேள்வியும் 1930க்குப் பிறகு 2000 கணக்கெடுப்பில்தான் திரும்ப வந்தது. 2010இல் தம்மைச் சீனர் என்று சொன்னவர்கள் 1.2 விழுக்காடு, ஏறத்தாழ 28 லட்சம் பேர். ஒன்றில் மூன்றாம் தலைமுறையில் கோடு போட்டு நிறுத்துகிறார்கள். இன்னொன்றில் பத்துத் தலைமுறை ஆனாலும் கோடே இல்லை. இரண்டுக்கும் மேலே ஒரே சொல்லை எழுதினால் மாணவர்கள் ஒரே பொருளை அளந்ததாகத்தானே நினைப்பார்கள்?

சென்னை உதவியாசிரியர், புதன் இரவு

டீச்சர், இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ‘3 விழுக்காடு சீனர் கையில் 70 விழுக்காடு பொருளாதாரம்’ என்ற வரி உங்கள் பாடத்தில் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். எங்கள் பத்திரிகையிலும் அப்படி வந்து, பிறகு தேடிப் பார்த்தேன். அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் மதிப்பை வைத்துப் போட்ட கணக்கு. அதிலும் அரசு நிறுவனங்களையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கழித்துவிட்டார்கள். முழுப் பொருளாதாரம் ஆகாது.

பினாங்கு அக்கா, வியாழன் காலை

தம்பி சொல்வது சரி. சீனர் என்றால் லிம் சியோ லியோங் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் புஜியானிலிருந்து வந்து, சுதோனோ சலீம் என்று பெயர் மாற்றி, மாவு ஆலையும் வங்கியும் கட்டியவர்தான். ஆனால் ஜகார்த்தாவை ஒட்டிய தங்கெராங்கில் ‘பெந்தெங் சீனர்’ என்று இருக்கிறார்கள், உழவும் கூலி வேலையும் பார்த்தவர்கள். மேற்குக் கலிமந்தானில் சிங்காவாங் பக்கம் ஹக்காச் சீனர், அங்கேயும் ஏழைக் குடும்பங்கள் நிறைய. சராசரி போட்டால் இவர்கள் எல்லோரும் சலீமின் நிழலில் மறைந்துபோவார்கள்.

வியாபாரத்தில் குவிந்ததற்கும் காரணம் இரத்தத்தில் இல்லை. 1959இல் வெளிநாட்டுக் குடிகள் கிராமப்புறத்தில் சில்லறைக் கடை வைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஒரு லட்சம் பேர் அளவில் சீனாவுக்கே கப்பல் ஏறினார்கள், பலர் பட்டணம் பார்த்து நகர்ந்தார்கள். அதிபர் சுகார்த்தோ காலத்தில் அரசு வேலையும் படையும் ஏறக்குறைய அடைத்த கதவு. மிச்சம் இருந்தது வியாபாரம்தான்.

பேர்ன் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

அக்கா சொன்ன பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். அங்கே 1966இல் அரசே பெயர் மாற்ற வழி செய்து நெருக்கியது. அதனால் பெயரைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். இங்கே தலைகீழ். பதினைந்து வயதில் பிள்ளைகள் ‘லேரெ’ என்கிற தொழிற்பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம் போடத் தொடங்குகிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அதுதான் பாதை. ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண், பெயரை மட்டும் மாற்றி வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. அல்பேனியப் பெயருக்கும் துருக்கிப் பெயருக்கும் அழைப்புக் குறைவு.

இத்தாலியர் பிள்ளைகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் அப்பன்மார் பருவகாலத் தொழிலாளர். மனைவி பிள்ளையைக் கூட்டிவர அனுமதி இல்லாததால் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வளர்த்தவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டாரைக் குறைக்கச் சொன்ன 1970 வாக்கெடுப்பு 54 விழுக்காடு எதிர்ப்பில்தான் தோற்றது. இன்று அதே ஆட்களின் பிள்ளைகளுக்கு ‘செக்கொண்டோ’ என்று ஒரு செல்லப்பெயர். இத்தாலியத்தில் இரண்டாவது என்று பொருள். பேசாமல் ‘இரண்டாமவர்’ என்று வைத்துவிடுங்களேன்.

சென்னை உதவியாசிரியர், வியாழன் மாலை

இரண்டாமவர் என்றால் சின்ன வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் அண்ணா.

குடிவரவும் இங்கே எடுபடாது. எங்கள் ஊரில் குடி என்றால் மாலை ஆறு மணிக்குத் தொடங்குவது. ‘வந்தோர் வழியினர்’ போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மதுரை ஐயா, வியாழன் இரவு

வந்தோர் என்பது விருந்தினருக்கும் ஆகும். விருந்துக்கு வந்தோர் வழியினர் யார்? ஒரு கலைச்சொல்லைப் புரிகிறதா என்று மட்டும் பார்த்தால் எப்படி? இயற்பியலில் ‘விசை’யும் ‘திணிவு’ம் முதல் நாளே யாருக்குப் புரிந்தன? புழங்கப் புழங்கப் புரியும்.

சென்னை உதவியாசிரியர், வியாழன் இரவு

எச்சம் புழங்கித்தான் காக்கையிடம் போனது, ஐயா.

கோவை ஆசிரியை, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. பத்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அட்டவணையை இரண்டாக உடைத்துவிட்டேன். சுவிஸ் அட்டவணைக்கு ‘குடிவரவு வழியினர்: இரண்டாம் தலைமுறை’ என்று தலைப்பு. இந்தோனேசியாவுக்கு ‘தியோங்ஹோவா மக்கள்’ என்று அவர்கள் சொல்லையே வைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பேசும் இடங்களில் மட்டும் ‘குடிவரவு வழியினர்’. உங்களில் பெரும்பாலோர் அதற்குத் தலையாட்டியதாக எடுத்துக்கொள்கிறேன், சிலர் களைத்துப்போய்த்தான் ஆட்டினீர்கள் என்பதும் தெரிகிறது. ‘பெறுபேறு’ நிற்கிறது, கடைசி வரிசைப் பெண் சிரிக்கட்டும். 70 விழுக்காட்டு வரியை எடுத்துவிட்டு அங்கே தங்கெராங்கையும் சிங்காவாங்கையும் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்.

பேர்ன் மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மதியம்

அக்கா, சொல் பரவாயில்லை. ஆனால் மகளிடம் காட்டினேன். ‘அப்பா, நான் யாருடைய வழியும் இல்லை, எனக்கு ஏன் தனிக் கட்டம்?’ என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. என் பெயரை உடன்படாதவர் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

மதுரை ஐயா, வெள்ளி இரவு

அச்சுக்குப் போய்விட்டதா? கான்முளைக்கு இன்னொரு நல்ல சான்று அகப்பட்டிருக்கிறது. இரண்டாம் பதிப்பு எப்போது?