ஐசோகிளாஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களே,
திங்கட்கிழமை முதுகலை வகுப்பில் ஸ்காட்லாந்து வட்டார வழக்கு நடத்துகிறேன். குழந்தையைக் கிழக்கே எடின்பரோ, டண்டி பக்கம் 'பேர்ன்' என்கிறார்கள். மேற்கே கிளாஸ்கோ, அயர்ஷயரில் 'வேய்ன்'. நிலப்படத்தில் இந்த இரண்டு சொற்களும் வழங்கும் பகுதிகளுக்கு நடுவே ஓடும் கோடுதான் ஐசோகிளாஸ். சமஉயரக் கோடு போலச் 'சமச்சொற்கோடு' என்று எழுதிப் பார்த்தேன். திருப்தியாக இல்லை.

---

அம்மா, சமம் வடசொல். 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப்பினவே திசைச்சொற் கிளவி' என்று, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு வட்டாரங்களின் சொற்களுக்குத் தொல்காப்பியர் பெயர் தந்திருக்கிறாரே, 'திசைச்சொல் வரம்பு' போதும். அப்புறம், பேர்ன் என்பதைப் பாருங்கள்: பெறு, பேறு, பிள்ளைப்பேறு!

---

> பெறு, பேறு, பிள்ளைப்பேறு!

ஒலி ஒத்தால் உறவாகிவிடாது ஐயா. நார்வே, சுவீடனில் இன்றும் குழந்தை 'பார்ன்'. சுமத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வினையடியிலிருந்து வந்தது. வேய்ன் இன்னும் எளிது: 'வீ' சிறிய, 'யேன்' ஒன்று. 'சின்னது தூங்கிடுச்சா' என்று நம் வீட்டில் கேட்பதில்லையா, அதேதான்.

திசைச்சொல் வேண்டாம். சாவி, சன்னல் எல்லாம் திசைச்சொல் என்று பள்ளியில் படித்த பிள்ளைகள் வேற்றுமொழி எல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். நன்னூலார் தமிழொழி நிலத்தையும், அதாவது தமிழ் வழங்காத நாடுகளையும், சேர்த்த பிறகு அந்தப் பொருள்தான் நிலைத்துவிட்டது.

---

எனக்குக் 'கோடு'தான் உறுத்துகிறது. கிளாஸ்கோவில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி என் மகளை 'வீ வேய்ன்' என்பார். டண்டியிலிருந்து வந்த அவர் மருமகள் அதே வாசலில் நின்று 'பேர்ன்' என்பார். கோட்டை எந்தப் படியில் போடுவது? எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையிலுள்ள ஃபால்கர்க்கின் கால்பந்து அணிக்குப் பட்டப்பெயரே 'பேர்ன்ஸ்'. அங்கிருந்து கிளாஸ்கோ ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. 1975இல் முதல் தொகுதி வந்த ஸ்காட்லாந்து மொழிநிலப்படமும் தபாலில் அனுப்பிய வினாத்தாள்களின் விடைகளை வைத்து வரைந்ததுதான். 'வழக்கு விளிம்பு' என்றால் அந்த மங்கல் தெரியும்.

---

அனைவருக்கும் நன்றி. விளிம்பு அழகாக இருக்கிறது, ஆனால் படத்தில் இருப்பது கோடு. பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். தனிமடலில் மூன்று பேர் ஒப்புக்கொண்டதால் 'வழக்கெல்லைக் கோடு' என்று வைத்திருக்கிறேன். இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

---

அம்மா, போகுமுன் ஒன்று. அபர்டீன் பக்கம் பையனை 'லூன்', பெண்ணைக் 'க்வைன்' என்பார்கள். அவற்றின் எல்லை வேறு, பேர்னின் எல்லை வேறு. வழக்கெல்லை என்றால் பேச்சு முழுவதும் அந்த இடத்தில் மாறுவதாகப் படும். பல கோடுகள் நெருங்கி ஓடும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்கான இந்தக் கோட்டுக்குச் 'சொல்லெல்லை' போதுமே? அச்சகத்துக்கு ஒரு போன் போட முடியுமா?