வேகம் கூடியது, பிழைகள் காணாமல் போயின

இரவில் ஓடும் பில் கணக்கு. ஆரக்கிள் தரவுத்தளம், அதன் பிஎல்/எஸ்கியூஎல் மொழியில் எழுதிய நிரல். சில லட்சம் வரிகளை லூப்பில் ஒவ்வொன்றாக அப்டேட் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எக்ஸெப்ஷன் பிளாக், அதாவது பிழையைப் பிடிக்கும் பகுதி. பிழை வந்தால் வரி எண்ணோடு பதிவாகிவிடும். பத்திரம்தான், ஆனால் விடிந்தாலும் முடியாது.

மொத்தமாக எடுக்கும் பல்க் கலெக்ட், மொத்தமாக எழுதும் ஃபோர்ஆல் என்று மாற்றினேன்; ஒரு நடைக்கு 1000 வரி. ஒரு வரி உடைந்தால் மற்றவை நின்றுவிடக் கூடாதே என்று சேவ் எக்ஸெப்ஷன்ஸும் சேர்த்தேன். அரை மணிக்குள் முடிந்தது. மேலாளர் மெயிலில் பாராட்டினார்.

மறுநாள் சிலருக்கு பில்லே இல்லை. லாக்கில் ஓஆர்ஏ-24381 என்ற பிழை எண் மட்டும் திரும்பத் திரும்ப. எந்த வரி, என்ன காரணம், ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையதுதான். சேவ் எக்ஸெப்ஷன்ஸ் பிழைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் இந்த ஒரே எண்ணைத்தான் எழுப்பும். விவரமெல்லாம் பல்க் எக்ஸெப்ஷன்ஸ் தொகுப்பில் கிடக்கும். நானோ எந்தப் பிழையையும் பிடிக்கும் பழைய வென் அதர்ஸை அப்படியே விட்டிருந்தேன்.

சரி, அந்தத் தொகுப்பைப் படித்து எழுதினால் எல்லாவற்றுக்கும் 'ஆரக்கிள் சாராத பிழை' என்று வந்தது! அதில் பிழை எண் மைனஸ் இல்லாமல் இருக்கும்; மைனஸ் சேர்த்துத்தான் பிழைச் செய்தியைத் தரும் எஸ்கியூஎல்இஆர்ஆர்எம்மிடம் கொடுக்க வேண்டுமாம். ஒரு மாலை அதிலேயே போனது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

உங்களுக்காவது லாக்கில் ஒரு வரி இருந்தது. எங்களுடையது போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். அங்கே எக்ஸெப்ஷன் உள்ள பிளாக்கில் நுழையும்போதெல்லாம் ஒரு சப்டிரான்சாக்ஷன் (டிரான்சாக்ஷன் என்ற மொத்த வேலைக்குள், தனியாகத் திரும்பப்பெறக்கூடிய சிறு பகுதி) தொடங்கும். உள்ளே ஏதாவது எழுதினால் அதற்குத் தனி எண் வேறு. ஒரே டிரான்சாக்ஷனில் அப்படி 64-ஐத் தாண்டினால் மற்ற செஷன்களும் சேர்ந்து திணறலாம். லூப்புக்குள் அதை வைத்து இரண்டு லட்சம் தடவை சுற்றியிருந்தோம்.

பிளாக்கைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே உள்ள மதிப்போடு மோதும் வரியை விட்டுவிடும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போட்டேன். பறந்தது. ஆனால் எந்த நெடுவரிசையில் மோதினால் விட வேண்டும் என்று சொல்லவில்லை. ரசீது எண் திரும்ப வந்தால் விடலாம் என்பதுதான் எண்ணம். அதே டேபிளில் மொபைல் எண்ணுக்கும் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது) இருந்ததால், ஒரே எண்ணைக் கொடுத்த அப்பா, மகனில் ஒருவர் மட்டுமே பதிவானார். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஆள் நேரில் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. இப்போது அந்தக் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் ரசீது எண்ணை எழுதிவிட்டோம்.

மறுமொழி 2

ஆரக்கிளில், ஒரு நடைக்கு இத்தனை வரி என்று லிமிட் போட்ட லூப்பில் ஃபெட்ச் (வரிகளை எடுப்பது) முடிந்ததும் நாட்ஃபவுண்ட் ('இனி வரி இல்லை' என்ற குறி) பார்த்து வெளியேறினால் கடைசி நடை முழுதாக நிரம்பாதபோது அது அப்படியே விடுபடும். அதற்குப் பதில், எடுத்த தொகுப்பின் கவுண்ட் (வரி எண்ணிக்கை) 0 ஆ என்று பாருங்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

தொடங்கியவர்

அய்யோ. என் கோடில் நாட்ஃபவுண்ட்தான் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.